ஈரெழுத்தும் முழு வாசகமும்

சில திங்களுக்கு முன்னர், நமக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர் கணினியில் கோத்த நூலொன்றின் மெய்ப்பு நம் பார்வைக்கு வந்தது. நபித்தோழர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்துரைக்கும் நூல் அது. எழுத்துப் பிழைகள் அருகியே இருந்தன; வரிகள் ஒழுங்குற அமைந்திருந்தன. மகிழ்ச்சியோடு படித்துக்கொண்டு வந்த நாம், அன்னை ஆயிஷா அவர்களைப் பற்றிய பகுதியை எட்டியதும் திடுக்கிட்டு நின்றுவிட்டோம். அன்னையாரின் திருப்பெயர் வருமிடமெல்லாம் அதனையடுத்து ‘ரலியல்லாஹு அன்ஹு’ என்று இருந்தது. ‘அன்ஹு’ என்பது ஆண் ஒருவரைச் சுட்டுவது. பெண் ஒருவரைச் சுட்டுவதாயின் ‘அன்ஹா’ என்றல்லவா இருத்தல் வேண்டும்? மத்ரஸாவின் முதலாண்டுப் பிள்ளைகூடச் செய்யாத தவறாயிற்றே இது!

இளைஞரை அழைத்து வினவினோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடை நம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. “ஹஜ்ரத், தாங்கள் சொல்லித் தந்தபடிதான் செய்தேன்” என்றார் அவர். உண்மைதான். அடைப்புக்குறிக்குள் ‘ரலி’ என்று குறுக்கி எழுதும் வழக்கம் நமக்கு உவப்பானதன்று. ‘குறுக்கி அடித்தால் தானே விரித்துக்கொள்ளும் வசதி கணினியில் இருக்கிறதாமே, அதனைக் கொண்டு முழு வாசகத்தையும் இடலாமே’ என்று ஓராண்டுக்கு முன்னர் அவருக்கு அறிவுரை பகன்றவர்கள் நாமேதாம். அவர் ‘ரலி’ என்னும் ஈரெழுத்துக்கு நேராக ஒரே ஒரு விரிவை எழுதி வைத்தார். இயந்திரம் கட்டளைக்குப் பணிந்தது. ஆணென்றும் பெண்ணென்றும் பாராது எல்லாப் பெயருக்கும் அதனையே ஒட்டியது.

தவறு இயந்திரத்தினுடையதா, இளைஞருடையதா, நம்முடையதா? இவ்வினா எழுந்த பின்னரே, கணினியின் சொற்செயலிகள் தரும் குறுக்குவழிகளையும், சொல்லைத் தாமே நிறைவுசெய்யும் வசதிகளையும் சற்று உற்று நோக்கலானோம். கண்டவற்றை வாசக அன்பர்களின் முன் வைப்பது பயனுடையதாகும் என்று கருதுகிறோம்.

கருவியின் இயல்பு

அடிக்கடி வரும் தொடரை ஒருமுறை சேமித்து வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு சொற்செயலிகளில் முன்பே இருந்ததுதான். ஆயினும், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட வேர்ட் மென்பொருளின் ஆறாம் பதிப்பிலேயே ‘ஆட்டோகரெக்ட்’ என்னும் தானியங்கித் திருத்தம் புகுந்தது. அதன் அமைப்பு எளிது. இரு பத்திகள் கொண்ட ஒரு பட்டியல்; இடப்பக்கத்தில் நாம் அடிப்பது, வலப்பக்கத்தில் அதற்குப் பதிலாக வரவேண்டியது. நாம் ஒரு சொல்லை அடித்து இடைவெளியோ நிறுத்தக்குறியோ இட்டவுடன் கணினி அப்பட்டியலைப் பார்க்கிறது. இடப்பக்கத்தில் அச்சொல் இருப்பின், அதனை நீக்கி வலப்பக்கத்து எழுத்துகளை வைத்துவிடுகிறது. அவ்வளவே. பொருளை அது அறியாது. பெயருக்குரியவர் யாரென்று அறியாது.

அறியாமையின் அடையாளத்தைக் காண வெகுதூரம் செல்ல வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் ஏ, பி, சி என்று அடைப்புக்குறியிட்டு மூன்று கூறுகளை வரிசைப்படுத்த முனைந்தவர்கள் அறிவார்கள். மூன்றாவதை அடித்ததும் அது பதிப்புரிமைக் குறியாக உருமாறி நிற்கும். எழுதுகிறவர் பட்டியல் இடுகிறாரா, உரிமை கோருகிறாரா என்பது கருவிக்குத் தெரியாது. இன்னொன்றும் உண்டு. ‘ஒத்துழைப்பு’ எனப் பொருள்படும் ‘கோஆப்பரேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லை இடைக்கோடு இல்லாமல் எழுதியபோது, பழைய எழுத்துத் திருத்திகள் சில அதனைத் தம் அகராதியில் காணாமல், ‘கூப்பர்ட்டினோ’ என்னும் கலிஃபோர்னிய ஊரின் பெயரை மாற்றாக நீட்டின. பார்த்துப் பாராமல் அதனை ஏற்றுக்கொண்டவர்களின் கைவண்ணத்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆவணங்களிலும் ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணங்களிலுங்கூட நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பு அவ்வூரின் பெயரால் வழங்கப்பட்டுவிட்டது! இத்தகைய பிழைக்கு அவ்வூரின் பெயரே நிலைத்தும் போயிற்று.

இதே வேர்ட் மென்பொருளில் ‘ஆட்டோடெக்ஸ்ட்’ என்று மற்றொன்றும் இருக்கிறது. குறுக்கத்தை அடித்துவிட்டு எஃப் 3 விசையைத் தட்டினால்தான் அது விரிக்கும், தட்டாவிட்டால் வாளாவிருக்கும். முன்னது கேளாமல் கொடுப்பது. பின்னது கேட்டால் கொடுப்பது. சிறு வேறுபாடுதானே என்று எண்ணற்க. கேட்கும் அந்த ஒரு கணத்தில் எழுதுகிறவனின் கருத்து அங்கே வந்து நின்றாக வேண்டும். நம் இளைஞர் கேளாமல் கொடுப்பதனைத் தேர்ந்தார். ஆகவே அவருடைய கருத்துக்கு அங்கே வேலையில்லாமற் போயிற்று.

முன்னோரின் குறுக்கங்கள்

எழுத்தைக் குறுக்குவது கணினி கற்பித்த வித்தையன்று. தாளும் மையும் அரியனவாக இருந்த காலத்தில், ஒரே தொடரை ஆயிரம் முறை எழுத நேர்ந்த எழுத்தர்கள் எல்லா மொழிகளிலும் குறுக்கங்களைக் கண்டார்கள். தமிழ் ஓலைகளிலும் பத்திரங்களிலும் வருடத்துக்கும் மாதத்துக்கும் நாளுக்கும், பற்றுக்கும் வரவுக்கும், ‘மேற்படி’ என்பதற்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. 2003ஆம் ஆண்டில் யூனிகோடு எழுத்துத் தொகுதியின் நான்காம் பதிப்பில் அவை இடம்பெற்றுவிட்டதால், இன்றைக்கும் அவற்றைக் கணினியில் எழுதலாம்.

நபிமொழித் தொகுப்புகளை ஓதியவர்களுக்கு அரபுக் குறுக்கங்கள் புதியனவல்ல. ‘எங்களுக்கு அறிவித்தார்’ எனப் பொருள்படும் ‘ஹத்தஸனா’ என்பது ‘ஸனா’ என்று நிற்கும். சில வேளை ‘னா’ என்றே நிற்கும். ‘அக்பரனா’ என்பது ‘அனா’ என்றாகும். ஓர் அறிவிப்பாளர் வரிசையிலிருந்து மற்றொரு வரிசைக்குத் தாவுமிடத்தில் ‘ஹா’ என்னும் ஓரெழுத்து நிற்கும். ஸஹீஹ் முஸ்லிமில் அது பக்கந்தோறும் என்னுமாறு வந்துகொண்டிருக்கும். ‘கால’ என்னும் சொல்லை எழுதாமலே விட்டுவிடுவதும் உண்டு. ஆனால் படிக்கிறவர் என்ன செய்ய வேண்டும்? எழுத்தில் இல்லாததை நாவினால் நிரப்பி ஓத வேண்டும். நம் உஸ்தாதின் முன் அமர்ந்து கிதாபை ஓதிய நாளில் ‘கால’வை விழுங்கிவிட்டுச் சென்றால் அவர் விரலை உயர்த்துவார், மீண்டும் வரியின் தலைக்குச் செல்ல வேண்டும். குறுக்கம் கையின் சுமையைத்தான் குறைத்தது. நாவின் கடமையைக் குறைக்கவில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் குறுக்க அவர்கள் உடன்பட்டார்களல்லர். திமிஷ்க் நகரின் அஷ்ரஃபிய்யா தாருல் ஹதீஸில் போதித்தவரும் ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்தவருமான இமாம் இப்னுஸ் ஸலாஹ், நபிமொழிக் கலையைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலில் இதற்கெனவே இடம் ஒதுக்கினார். நபிகள் நாயகத்தின் பெயர் வருந்தோறும் ஸலவாத்தை முழுமையாக எழுத வேண்டும், திரும்பத் திரும்ப வருகிறதேயென்று சலிக்கலாகாது என்பது அவர் கருத்து. இரண்டோர் எழுத்தால் குறிப்புக்காட்டி விடுவதை ஒரு குறையென்றும், ஸலாத்தை எழுதி ஸலாமை விட்டுவிடுவதை மற்றொரு குறையென்றும் அவர் எண்ணினார். ஸாத், லாம், ஐன், மீம் என்னும் நான்கெழுத்தால் ஸலவாத்தை முதன்முதலில் குறுக்கியவனின் கை துண்டிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறதென்று, ஹிஜ்ரி 911இல் (கி.பி. 1505) மறைந்த இமாம் ஸுயூத்தி எழுதியிருக்கிறார். அது நடந்த செய்தியா என்பது கிடக்கட்டும். அப்படி ஒரு சொல் ஆலிம்களிடையே உலவிற்று என்பதே அவர்கள் மனப்பான்மையைக் காட்டப் போதுமானது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறந்துவிடலாகாது. இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் அவர்களின் கையெழுத்தில் நாயகத்தின் பெயரையடுத்து ஸலவாத்து எழுதப்படாதிருந்ததைக் கதீப் பக்தாதி கண்டார். அவ்விமாம் அதனை எழுதாவிடினும் நாவால் மொழிந்துவந்தார் என்னும் செய்தியும் அவருக்கு எட்டியது. தமக்கு அறிவிக்கப்பட்டதில் ஒரு சொல்லையும் தாமாகக் கூட்டலாகாது என்னும் பேணுதலே அதற்குக் காரணமாகலாம் என்று இப்னுஸ் ஸலாஹ் கருதுகிறார். ஆக, தாளில் இல்லை, நாவில் இருந்தது. இன்றைக்கு நம் நிலை அதன் தலைகீழ். தாளில் முழுமையாக இருக்கிறது. அது தாளில் ஏறிய வேளையில் எவருடைய நாவிலும் இருக்கவில்லை!

குறுக்கம் விட்ட இடம், விரிவு அடைத்த இடம்

நாம் வெறுத்த ‘ரலி’ என்னும் ஈரெழுத்தில் நாம் காணத் தவறிய ஒரு நன்மை இருந்தது. அது வாசகரின் அறிவை நம்பிற்று. ஆண் ஒருவராயின் ‘அன்ஹு’ என்றும், பெண் ஒருவராயின் ‘அன்ஹா’ என்றும், இருவராயின் ‘அன்ஹுமா’ என்றும், பலராயின் ‘அன்ஹும்’ என்றும் ஓதிக்கொள்ளும் பொறுப்பை அவரிடமே விட்டது. அப்துல்லாஹ் இப்னு உமர் என்று வருமிடத்தில், மகனோடு தந்தையும் நபித்தோழராதலால் ‘அன்ஹுமா’ என்று ஓதும் மரபை அறிந்தவர் அறிந்தவாறு ஓதினார். விரிகருவியோ அந்த இடத்தை அடைத்துவிட்டது. ஈரெழுத்தில் பிழையே இல்லை. முழு வாசகத்திலேதான் பிழை புகுந்தது.

இதே முட்டுக்கட்டை, நம்மினும் பன்மடங்கு பெரியவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. கூகுள் நிறுவனம் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் ஜிமெயிலில் ‘ஸ்மார்ட் கம்போஸ்’ என்னும் வசதியை அறிவித்தது. நாம் எழுதிக்கொண்டிருக்கும் வாக்கியத்தின் எஞ்சிய பகுதியைக் கருவியே ஊகித்துச் சாம்பல் நிறத்தில் காட்டும். ஒரு விசையைத் தட்டினால் அது நம் வாக்கியமாகிவிடும். முதலீட்டாளர் ஒருவரைச் சந்திக்கப்போவதாக எழுதினால், அடுத்த வாக்கியத்தில் அந்த முதலீட்டாளரை ‘அவன்’ என ஆணாகவே கொண்டு வினாவை நிறைவுசெய்தது அக்கருவி. பல வழிகளில் திருத்த முயன்றும் உறுதியான தீர்வு கிடைக்காமையால், ஆண்பால் பெண்பால் சுட்டும் பெயர்களை ஊகிப்பதையே நிறுத்திவிட்டதாக அவ்வாண்டு நவம்பரில் செய்தி வந்தது. அன்னையாரின் பெயரருகே ‘அன்ஹு’ என்று இட்ட நம் பட்டியலுக்கும் அந்த மாபெருங் கருவிக்கும் நோய் ஒன்றே. தெரியாததைத் தெரிந்ததுபோல் நிரப்புவது! அவர்கள் செய்த மருத்துவமும் கருதத்தக்கது: தெரியாத இடத்தில் வாய்மூடியிருப்பது.

பிறர் நாவிலிருந்து வரும் சொல்

இதுகாறும் சொன்னவை எழுதுகிறவரே வைத்த குறுக்கங்கள் பற்றியன. அவற்றில் சொல் நம்முடையது. விரல் உழைப்புத்தான் கருவியினுடையது. சொல்லையே கருவி தருவது மற்றொரு படி. அதிலும் இரு வகை உண்டு. லிப்ரே ஆஃபிஸ் ரைட்டர் என்னும் சொற்செயலி, நாம் அதே ஆவணத்தில் முன்பு அடித்த நீண்ட சொற்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, முதற் சில எழுத்துகளை அடித்ததும் எஞ்சியவற்றை நீட்டுகிறது. அது நம் பெட்டியிலிருந்து நம் காசையே எடுத்துத் தருவது போன்றது. ஜிமெயிலின் வசதியும், 2021ஆம் ஆண்டில் வேர்ட் மென்பொருள் தரலாயிற்றே அந்த ஊகமும், எண்ணற்ற பிறர் எழுதியவற்றிலிருந்து ‘இவ்விடத்தில் பெரும்பாலோர் இதைத்தான் எழுதுவர்’ என்று கணித்துத் தருவன.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். 2020ஆம் ஆண்டில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள், படங்களைப் பார்த்து அவற்றுக்குக் குறிப்பு எழுதுமாறு சிலரைக் கேட்டுக்கொண்டனர். சொல்லூகம் துணைநின்றபோது எழுதிய குறிப்புகள், அது இல்லாதபோது எழுதியவற்றைவிடக் குறுகியனவாகவும், எவரும் எதிர்பார்க்கத்தக்க சொற்களையே கொண்டனவாகவும் இருந்தன. 2023ஆம் ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. சமூக ஊடகங்கள் சமுதாயத்துக்கு நல்லனவா என்பது பற்றி எழுதுமாறு 1,506 பேரைக் கேட்டனர். சிலருக்குத் துணைவந்த கருவி ‘நல்லன’ என்னும் பக்கம் சாய்ந்து சொல் கொடுத்தது. சிலருக்குத் ‘தீயன’ என்னும் பக்கம் சாய்ந்து கொடுத்தது. எழுத்து அவ்வாறே சாய்ந்தது, அதில் வியப்பில்லை. எழுதி முடித்த பின்னர் அவர்களுடைய சொந்தக் கருத்தைக் கேட்டபோது, அதுவும் அப்பக்கமே சாய்ந்திருந்தது என்பதுதான் நம்மை அச்சுறுத்துகிறது. சொல்லைக் கடன் வாங்கப்போனவர் கருத்தையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். கடன் பட்டதையே அவர் அறியவில்லை.

ஆயினும், நடுநிலையோடு நோக்கின், பழி முழுவதையும் இயந்திரத்தின் தலையில் சுமத்த நம் மனம் இடந்தரவில்லை. நம் இதழ்களின் இரங்கலுரைகளைத் திரட்டிப் பாருங்கள். மறைந்தவர் வணிகராயினும், புலவராயினும், பள்ளிவாசலுக்குத் தண்ணீர் சுமந்த பெரியவராயினும், அவருடைய மறைவு ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’தான்; அவர் ‘பழகுவதற்கு இனியவர்’தான். பெயரை மாற்றினால் ஓர் உரை மற்றொருவருக்கும் பொருந்தும். இவற்றை எந்தக் கணினி எழுதிற்று? எழுதுகோல் பிடித்த நாமே, அடுத்த சொல்லைத் தேடாமல் அருகில் கிடந்ததை எடுத்து வைத்தோம். கருவி வருமுன்னரே நம் மனத்துக்குள் ஒரு தானியங்கி ஓடிக்கொண்டிருந்தது. வந்த கருவி அதற்கு விசையொன்று பூட்டிற்று.

எதற்கு ஆகும், எதற்கு ஆகாது?

அப்படியாயின் இவ்வசதிகளை ஒதுக்கிவிடலாமா? அது அறிவுடைமையாகாது. விரல் நோவுடையவருக்கும், கண் மங்கியவருக்கும், ஒரே முகவரியை நாளொன்றுக்கு நாற்பது முறை எழுதும் எழுத்தருக்கும் இவை பேருதவி. நாம் வேண்டுவது பாகுபாடு ஒன்றுதான்.

மாறாத வாசகம் என்று ஒன்று உண்டு. தேடிக் காண வேண்டிய சொல் என்று ஒன்று உண்டு. ஸலவாத்து, முகவரி, நூற்பெயர், மடல் தலைப்பு ஆகியன முன்னதைச் சாரும். அவை திரும்ப வருவதே அவற்றின் இலக்கணம். அவற்றுக்குக் குறுக்குவழி தகும். துயருற்றவருக்கு எழுதும் ஆறுதலும், ஒரு நூலைப் பற்றிக் கூறும் தீர்ப்பும், ஒரு பாட்டின் நயமும் பின்னதைச் சாரும். அவை திரும்ப வந்தாலே பழுது. அவற்றுக்குப் பிறர் ஊகித்த சொல் தகாது. கடிதத்தை எழுதும்பொழுது ஊகத்தை நிறுத்தி வைக்க அந்த மென்பொருள்களிலேயே வழியிருக்கிறது. நிறுத்தி வைப்பதற்கு வேண்டியது மனம்தான்.

தமிழில் எழுதுவோர் கருத வேண்டியது இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்குங்கால் வடிவு திரிகிறது. ‘நாயகம்’ என்பது ‘நாயகத்தின்’ என்றும், ‘நாயகத்துக்கு’ என்றும், ‘நாயகத்தோடு’ என்றும் ஆகும். சொல் முழுவதையும் ஒப்பிட்டு மாற்றும் பட்டியலில் ஒரு வடிவத்தை வைத்தால் மற்றவை விரியமாட்டா. திரிபின்றி நிற்கும் அரபு வாசகங்களுக்கு ஒத்துவரும் கருவி, திரிந்து நடக்கும் தமிழ்ச் சொல்லுக்கு அவ்வளவாக ஒத்துவருவதில்லை. ஆகவே கருவிக்கு இசைவாகத் தமிழை நடத்த முற்படலாகாது. ‘அப்படியும் யாரேனும் செய்வார்களோ?’ என்று நகைக்க வேண்டா. மார்ச், செப்டம்பர் மாதங்களின் ஆங்கிலக் குறுக்கங்களை ஒத்திருந்த மரபணுப் பெயர்களை, எக்செல் என்னும் கணக்கேட்டு மென்பொருள் தானாகவே தேதிகளாக மாற்றிவந்தது. இறுதியில் 2020ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் தம் மரபணுக்களின் பெயர்களைத்தான் மாற்றிக்கொண்டார்கள்!

நம் இளைஞரின் நூலுக்கு வருவோம். ‘ரலி’ என்னும் ஒற்றைப் பதிவை நீக்கச் செய்தோம். அதற்கு மாற்றாக நான்கு விரிவுகளுக்கும் நான்கு தனிக் குறுக்கங்களை அமைத்து, விசை தட்டினாலன்றி விரியாத வகையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். எந்தக் குறுக்கத்தை அடிப்பது என்று ஒவ்வொரு பெயரிலும் அவர் இப்போது ஒரு கணம் நின்றாக வேண்டும். விசையைத் தட்டும்போது அவ்வாசகத்தை நாவாலும் மொழிந்துவிடுங்கள் என்றும் வேண்டிக்கொண்டோம்; எழுதாமலே மொழிந்த இமாமின் செய்தியையும் எடுத்துரைத்தோம்.

வேலை சற்றுத் தாமதமாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பதிப்பாளருக்கு அதில் சிறு மனக்குறையும் உண்டு. ஆனால் சென்ற வாரம் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவ்விளைஞர் நம் இல்லம் தேடி வந்தார். கையில் ஒரு தாள். “ஹஜ்ரத், இப்னு அப்பாஸ் அவர்களுக்கு ‘அன்ஹு’வா, ‘அன்ஹுமா’வா? அவர்களுடைய தந்தையாரும் நபித்தோழர்தாமே?” என்று கேட்டார். ஈரெழுத்தை அடித்துவிட்டு அவர் போய்க்கொண்டிருந்த நாளில் இந்த வினா அவருக்கு எழுந்ததில்லை. அவருக்கு அறிவுரை பகன்ற நாமும் எழுப்பினோமில்லை. அமரச் செய்து, தேநீர் வரவழைத்து, பெயர் பெயராக அந்தத் தாளைப் பார்த்து முடிக்க நள்ளிரவாகிவிட்டது.